கண்ணுக்குத் தெரிந்த சைபர்

இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்திலேயே கண்ணால் கண்டதை நம்பாத ஒரே மனிதர் எங்கள் றப்பர் தோட்டத்து ஆபீசில்தான் இருந்தார். பெரிய கிளாக்கர். எதைக் காட்டினாலும் "உள்ளுக்கு என்ன இருக்கு?" என்பார். அதனால் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் முதல் தோட்டத்தை நடத்துகிற துரை வரை எல்லோருக்கும் அவர் 'உள்ளுக்கென்ன ஐயா'தான்.

யட்டியாந்தோட்டை பஜாரில் மீன் வைத்த மாலுபணிஸ் பன் வாங்கினால் முதலில் இரண்டாகப் பிய்ப்பார். "ஐயா, மீனு ஓடிப் போகாது, சாப்பிடுங்க" என்று கடைக்கார நானா தலையில் அடித்துக்கொள்வார். ஆபீஸ் சுவரில் தீயணைக்கிற சிலிண்டர் ஒன்று பளபளவென்று தொங்கியது. ஒருநாள் அதைக் கழற்றிக் குலுக்கிவிட்டு, வந்திருந்த விருந்தாளிகள் முன்னாலேயே "காலிங்க, துரை" என்றார். துரையின் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும்.

இந்த மனிதர் இருந்த ஆபீசுக்குத்தான் கம்ப்யூட்டர் வந்தது. டைப் அடிக்கிற நான்தான் தொழிலாளர் பட்டியலை ஏற்றினேன். பதிவு நம்பரெல்லாம் ஒரே அளவாகத் தெரிய வேண்டுமென்று, முன்னால் சைபர் தானாக வந்து நிற்கும்படி செய்தேன். பார்க்க அவ்வளவு அழகு.

அடையாள அட்டைக்கான நடமாடும் சேவை பஜார் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. ஒரே நாள், நாலு மணியோடு சரி. றப்பர் மரத்தில் பால் வெட்டுகிற செல்லம்மாவின் மகள் கொழும்பில் பிள்ளை பெற்றிருந்தாள். அட்டை இல்லாமல் போனால் வழியில் சோதனைச் சாவடியில் மறித்துவிடுவார்கள் என்ற பயத்தில் செல்லம்மா பேரனை இன்னும் பார்க்கவில்லை. அவளுக்கும் இன்னும் பலருக்கும், 'இவர் எங்கள் தொழிலாளி' என்கிற தோட்டத்துக் கடிதத்தை அந்தப் பட்டியலிலிருந்தே நான் அச்சடித்துக் கொடுத்தேன். மத்தியானம் செல்லம்மா அழுதுகொண்டே திரும்பி வந்தாள்; பின்னாலேயே மற்றவர்களும்.

"மிஸ், வேலைக் கார்டுல 0386, கடிதாசியில 386. வேற ஆளுன்னு திருப்பிட்டாங்க."

"கம்ப்யூட்டர்ல சரியாத்தானே தெரியுது!" பழியைப் பிரிண்டர் மேல் போட்டு, அதை இரண்டு தட்டும் தட்டினேன்.

"உள்ளுக்கு என்ன இருக்கு, தங்கச்சி?" என்று ஐயா வந்து, திரையில் அவள் நம்பர் இருந்த கட்டத்தை அழுத்தினார். கட்டத்துக்குள் இருப்பதைக் காட்டுகிற மேல் வரியில் வெறும் 386. "பாத்தீங்களா? வெளியில தெரியிற சைபரு நீங்க பூசிவிட்ட பவுடரு. கடிதாசிக்குப் போறது உள்ளுக்கு இருக்கிறதுதான். இது கூட்டிக் கழிக்கிற கணக்கு இல்ல, ஒரு ஆளோட அடையாளம். கட்டத்தை நம்பர்ல இருந்து எழுத்தா மாத்திட்டு, சைபரை நெசமாவே போடுங்க."

செல்லம்மாவுக்கு மட்டும் மாற்றப் போனேன். விடவில்லை. திரும்பி வந்திருந்த அத்தனை பேருக்கும் மாற்ற வைத்தார். கடிதங்களைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, எல்லோரையும் பால் லொறியில் ஏற்றித் தானும் ஏறினார். அப்போதே மணி மூன்று. அங்கே போய்ச் சிங்களத்தில் சைபரைப் பற்றி ஒரு பிரசங்கமே வைத்தாராம். "ஹரி ஹரி, மஹத்தயா, சரிதான் ஐயா" என்று அதிகாரி கும்பிடாத குறையாக எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டாராம்.

சாயங்காலம் கடிதத்துப் பிழையைக் கேள்விப்பட்டு "யார் பார்த்த வேலை இது?" என்று துரை கத்தினார். என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். "என்னோட பிழைதாங்க, துரை. நான் சரியாப் பார்க்கல்ல" என்றார் ஐயா. எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே பொய் அது.

சில மாதத்தில் அட்டை வந்தது. செல்லம்மா கொழும்புக்குப் போய்வந்து நேரே ஆபீசுக்குத்தான் வந்தாள்.

"பேரன் என் வெரலப் புடிச்சுக்கிட்டு விடவே இல்லீங்க, ஐயா."

ஐயா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். எழுந்து போய் அந்த மனிதரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது எனக்கு.