ஆள் இல்லாமல் எழுந்த நாற்காலி

அரசு அலுவலகத்தில் பேயைப் பார்ப்பது சுலபம். பார்த்தபின் அதை முறைப்படி விரட்டுவதுதான் கஷ்டம். எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது? யாரிடம் கொட்டேஷன் வாங்குவது? போய்விட்டது என்று யார் கையெழுத்துப் போடுவது? இதையெல்லாம் யோசித்துக்கொண்டே பயந்து நடுங்கிய ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

சில வருடங்களுக்கு முன்பு, சாந்தன்பாறைக்கு மேலே ஒரு மலையூரில், அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் கொள்முதல் அலுவலராக இருந்தேன். (பதவியைக் கேட்டு மிரள வேண்டாம். குண்டூசி, பேப்பர், பிரிண்டர் மை, பினாயில் வாங்குகிற ஆள். அரசாங்கத்துக்காக வாதாடுகிறவர்கள் உட்கார நாற்காலி வாங்குவதும் நான்தான். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.)

அலுவலகம் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவில், வாடகைக்கு. மதியச் சாப்பாடு முடிவதற்குள் மஞ்சு இறங்கிவிடும். (மலைப்பனிக்கு அங்கே அதுதான் பெயர்.) எங்கள் ஊர் முதலமடையில் பனியை மார்கழியில் பார்த்தால் உண்டு. இங்கே அது தினமும் ஆபீசுக்கு வந்தது. ஜன்னலைச் சாத்தினாலும் எப்படியோ உள்ளே நுழைந்து, ஃபைல் கட்டுகளுக்கு நடுவே நின்று, யாரோ படிப்பதுபோல் காகிதங்களை லேசாக அசைத்துப் பார்த்துவிட்டுப் போகும்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குச் சொந்த ஊர்ப் பக்கம் மாறுதல் வந்தது. ஆனால் என்னை விடுவிக்கும் கடிதத்தில் அலுவலகத் தலைவர் கையெழுத்துப் போடவேண்டும். எங்கள் தலைவரான மூத்த வக்கீல் சார் அதற்குச் சற்றுமுன்தான் காலமாகியிருந்தார். பாலக்காட்டிலிருந்து புது மேடம் திங்கட்கிழமை வருகிறார், வந்து கையெழுத்துப் போட்டால் நான் பஸ் ஏறலாம் என்பது நிலவரம். ஊரில் மாங்காய் சீசன். தினமும் என் மனைவி சரசுவின் போன்.

"ஏனுங்க, காய் பழுத்து உழுகுதுங்க. லாரிக்காரன் தோப்புல வந்து குந்திட்டு, ஊட்டு ஆம்பளைய வரச் சொல்லுங்கறான். நீங்க வாரீங்களா, இல்ல நானே மீசை வெச்சுக்கட்டுங்களா?"

"திங்கக்கிழமை மேடம் வந்துருவாங்க சரசு. செவ்வாக்கிழமை நான் தோப்புல நிப்பேன்" என்றேன், முதலமைச்சர் வாக்குறுதி கொடுக்கிற குரலில்.

சார் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு அவருக்கு ஒரு சுழல் நாற்காலி வாங்கியிருந்தேன். சுழல் நாற்காலி தலைவருக்கு மட்டும்தான், மற்றவர்களுக்கு மரம். யார் குறைந்த விலை சொல்கிறானோ அவனுக்கே ஆர்டர் என்பது விதி. அந்த விதியிடம் என்னளவு பக்தி வைத்தவன் அந்த மாவட்டத்திலேயே கிடையாது. சார் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "எடோ, இது என்னைத் தாழ இழுக்குது" என்றார். வயதானவர் ஏதோ சொல்கிறார் என்று சிரித்தேன். சில வாரங்களில் அவர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

அதன்பிறகு அந்த அறையைப் பெருக்கவே எங்கள் அட்டெண்டர் மாடத்தியக்கா மறுத்துவிட்டார். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். பயமுறுத்துவதில் பட்டப்படிப்பே முடித்தவர்.

"சாரு, நான் சொல்லுதேன்னு நெனைக்காதீய. பெரியசாரு இன்னும் போவல. உள்ள உக்காந்து ஃபைலு பாக்காரு."

"போங்கக்கா, நான் படிச்சவன்" என்று சொல்லிவிட்டு, துடைக்கிற துணியோடு நானே உள்ளே போனேன்.

மதியம்தான். ஆனால் மஞ்சில் விளக்கு மஞ்சளாகச் சுருங்கியிருந்தது. மேஜைக்குப் பின்னால் அந்த நாற்காலி. அதன் முதுகில் சார் போட்டிருந்த வெள்ளைத் துண்டு அப்படியே. துடைத்தேன். துடைத்தவன் வெளியே வந்திருக்கலாம். உட்கார்ந்தேன். (வாங்கிக் கொடுத்த நாற்காலியில் ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்ற ஆசை கொள்முதல்காரனுக்கு இருக்காதா?)

கால்மேல் கால் போட்டு, எதிரே இல்லாத நீதிபதியைப் பார்த்து ஒரு கனைப்புக் கனைத்தேன். அப்போது மேஜை மெதுவாக உயர ஆரம்பித்தது. முதலில் என் வயிற்றருகே இருந்த மேஜை விளிம்பு நெஞ்சுக்கு வந்தது. உயர்ந்தது மேஜை அல்ல, இறங்குவது நான்தான் என்று புரிவதற்குள் அது கழுத்துக்கு வந்துவிட்டது. இரண்டு தோளையும் யாரோ உள்ளங்கையால், அவசரமே இல்லாமல் அழுத்துவதுபோல் இருந்தது.

எகிறிக் குதித்துக் கதவருகே போய்த்தான் திரும்பிப் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது. காலியான நாற்காலி மெல்ல எழுந்துகொண்டிருந்தது. வெள்ளைத் துண்டு மேஜை விளிம்புக்கு மேலே தெரிந்தது, இன்னும் தெரிந்தது, முழுசாகத் தெரிந்தது. சார் என்னைத் திட்டுவதற்கு முன் அப்படித்தான் எழுந்திருப்பார். மெதுவாக. ஒன்றும் பேசாமல்.

நான் கத்தவில்லை என்று இன்றுவரை வீட்டில் சாதித்து வருகிறேன். மாடத்தியக்கா கையிலிருந்த டீ கிளாஸ் ஏன் விழுந்தது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

எனக்குச் சார்மேல் பயம் பாதி, மேடம்மேல் பயம் மீதி. இந்தக் கதை பாலக்காடு வரை போய், மேடம் லீவு போட்டுவிட்டால்? கையெழுத்து இல்லை. ஊர் இல்லை. மாங்காயும் மனைவியும் லாரிக்காரன் கையில். திங்கட்கிழமைக்குள் சாரை மரியாதையாக அனுப்பிவைத்தாக வேண்டும்.

"மந்திரிக்க ஆளு இருக்கா அக்கா?"

"ஏன் இல்லாம? எங்க எஸ்டேட்டு லயத்துக் கோயில் பூசாரி இருக்காரு. அவர விட்டா பூப்பாறையில ஒருத்தரு..."

"மூணு பேர்கிட்ட விலை கேட்டுட்டு வாங்க" என்றேன். வாய் தன்னால் சொன்னது. இத்தனை வருடப் பழக்கம். மூன்று கொட்டேஷன் இல்லாமல் எனக்குக் கை ஓடாது. மறுநாள் ஒரு ஃபைலே திறந்துவிட்டேன். தலைப்பு: 'மூத்த வழக்கறிஞர் அறை, பூச்சி ஒழிப்பு'. ஒருவர் கருஞ்சேவல் கேட்டிருந்தார். ஒருவர் ராத்தங்கல் செலவு கேட்டிருந்தார். லயத்துப் பூசாரி எலுமிச்சம்பழமும் டீயும் போதும் என்றார். குறைந்த விலைக்காரனுக்கே ஆர்டர். (திருந்தவில்லை, கவனியுங்கள்.)

வெள்ளிக்கிழமை மதியம் பூசாரி வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சாரு, ஒண்ணும் பயப்படாதீய. அவரு எறங்குறதுக்கு ஒரு ஆளு வேணும். நீங்க உக்காருங்க" என்றார்.

"நானா?"

"விசிட்டரையா உக்கார வைக்க முடியும்?" என்றார் மாடத்தியக்கா, வாசலில் பத்திரமாக நின்றுகொண்டு.

உட்கார்ந்தேன். நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் கதம்ப மாலை, மடியில் எலுமிச்சம்பழம். பூசாரி உடுக்கை அடித்தார். சாம்பிராணிப் புகையும் மஞ்சும் கலந்து, எது எது என்று தெரியவில்லை. நான் கண்ணை மூடினேன். தோளில் மறுபடி அந்த அழுத்தம்.

"இறங்குதுங்க..." என்று முனகினேன்.

உடுக்கை நின்றது. கண்ணைத் திறந்தபோது, மேஜைக்கு அந்தப் பக்கம் பூசாரியின் வாய் பிளந்திருந்தது. பேய் விரட்டப் போன இடத்தில் நிஜமாகவே ஒன்று நடப்பதை அவர் அன்றுதான் முதல்முறை பார்க்கிறார் போலும். தட்டைப் போட்டுவிட்டு மனிதர் ஓடினார். ஓடியவர் வாசலில் ஒரு பெண்மணியை இடித்தார்.

கையில் ப்ரீஃப்கேஸ், கருப்புக் கோட்டு. திங்கட்கிழமை வரவேண்டிய மேடம்.

அவர் பார்த்ததை நினைத்துப் பாருங்கள். புகை. மேஜை. அதன் விளிம்புக்கு மேலே, மாலை போட்ட ஒரு தலை மட்டும்.

"இதென்னவாக்கும் கூத்து?" என்றார்.

"பூச்சி மருந்து அடிக்கிறோம் மேடம்."

அவர் ஃபைலை எடுத்துப் படித்தார். உடுக்கையைப் பார்த்தார். "பெரிய பூச்சியாக்கும்?"

"கொஞ்சம் பெருசுதானுங்க."

"எழுந்திருங்கோ." எழுந்தேன். நாற்காலியும் என் பின்னாலேயே எழுந்தது. மேடம் குனிந்து அடியில் பார்த்தார். "வால்வு போயாச்சு. ஆள் உக்காந்தா இறங்கும், ஆள் எழுந்தா எழும்பும். அவ்வளவேயாக்கும். வாரண்டி உண்டா?"

"வாரண்டி கேட்டிருந்தா அவன் குறைஞ்ச விலைக்காரனா இருந்திருக்க மாட்டானுங்க மேடம்."

அதற்கு அவர் சிரிக்கவில்லை. "அப்போ நீங்களே வேற நாற்காலி வாங்கிப் போட்டு, இதைக் கழிச்சுட்டுப் போனாப் போறும்" என்றார்.

போனால் போதுமாம். மறுபடி அறிக்கை, மறுபடி கொட்டேஷன், மறுபடி அனுமதி. நாற்காலி வருவதற்குள் சீசன் முடிந்தது. சரசுவே லாரிக்காரனோடு பேசி, நான் போயிருந்தால் கிடைத்திருக்காத விலைக்குக் காயை விற்றாள். மீசைக்கு அவசியமே வரவில்லை.

கடைசி நாள், ஒப்படைப்புக்காகப் பின்கட்டு ஸ்டோர் ரூமைத் திறந்தேன். பழைய நாற்காலியை அங்கே வைத்துப் பூட்டியது நான். சாவி ஒன்றுதான், அது என் இடுப்பில். கதவைத் தள்ளியதும் மஞ்சு எனக்கு முன்னால் உள்ளே போனது. மூலையில் நாற்காலி, அடிமட்டத்தில் இருந்தது. நான் பார்க்கப் பார்க்க, மெதுவாக எழும்ப ஆரம்பித்தது.

வால்வுதான். எனக்குத் தெரியும். ஆள் எழுந்தால் எழும்பும். அவ்வளவேயாக்கும்.

அந்த அவ்வளவே போதாதா? நான் நின்ற இடத்திலேயே ஒதுங்கி வழி விட்டேன். யாருக்கு என்று கேட்காதீர்கள். பிறகு ஒப்படைப்புப் பட்டியலில் அந்த நாற்காலிக்கு நேராக 'பழுது' என்று எழுதினேன். பக்கத்துக் கட்டத்தில் 'பயன்பாட்டில் உள்ளதா?' என்று கேட்டிருந்தது. நான் பொய் எழுதுகிறவன் இல்லை. 'உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பஸ் ஏறினேன்.

எங்கள் வீட்டில் இப்போது எல்லாமே பிளாஸ்டிக் நாற்காலி. சாப்பிட்டுவிட்டு நான் எழுந்தால், சரசு தட்டை எடுக்கமாட்டாள். பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருக்க, பவ்யமாகக் கேட்பாள்: "ஏனுங்க, நீங்க எந்திரிச்சாச்சு. கூட வந்தவரு எந்திரிச்சாச்சுங்களா?"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். திரும்பி நாற்காலியை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான்.