தசரதன் சார் திரட்டிய கூட்டம்

அன்று சாயங்காலம் தசரதன் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. வாசற்படியில் நின்றபடியே அறிவித்தார்.

"லோகு, இன்னியிலேருந்து நான் வேற ஆளு."

லோகநாயகி உளுந்து களைந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"சரிங்க. அந்த வேற ஆளைச் செருப்பை வெளிய விட்டுட்டு வரச் சொல்லுங்க. இப்பத்தான் துடைச்சேன்."

தசரதன் மறைமலை நகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர் கிளார்க். பதினெட்டு வருஷமாக நட்டு எண்ணுகிறார், போல்ட்டு எண்ணுகிறார், மிச்ச நேரத்தில் வாஷர் எண்ணுகிறார். அன்றைக்கு மேனேஜருக்கு வயிற்றுப்போக்கு. அவர் போகவேண்டிய ஒருநாள் பயிற்சி வகுப்புக்கு, நாற்காலி காலியாக இருக்கக்கூடாதே என்று இவரை அனுப்பிவிட்டார்கள். 'தொழிலில் உயர்வது எப்படி' என்று பேச்சு. ஏசி ஹால். இரண்டு வேளை காபி. பிஸ்கட்டு. கையில் ஒரு ஃபைல், ஒரு பேனா. காலையில் கேட்கப் போனவர், சாயங்காலம் சொல்லித்தருகிறவராகத் திரும்பி வந்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நம்ம முன் ரூம்ல வகுப்பு எடுக்கப் போறேன். வியாபாரம் பண்றவங்க, பண்ண நினைக்கிறவங்க, எல்லாரும் வரலாம்."

"நீங்க என்ன வியாபாரம் பண்ணியிருக்கீங்க?"

"சொல்லித்தர்றவன் பண்ணணும்னு சட்டமா? நீச்சல் சொல்லித்தர்றவர் கரையிலதான் நிப்பார்."

லோகநாயகி உளுந்தை இறக்கி வைத்தாள். இதுதான் சமயம் என்று தோன்றியது.

"ஏங்க, அந்த ரூமை நான் கேட்டிருந்தேனே."

கேட்டுத்தான் இருந்தாள். ஒரு மாசமாகக் கேட்கிறாள். சீட்டு எடுத்த பணத்தில் பெரிய கிரைண்டர் ஒன்று வாங்கியிருந்தாள். ஓட்டல்களில் இருக்குமே, சாய்த்து ஊற்றுகிற கிரைண்டர், அது. சமையலறைக்குள் நுழையவில்லை. அதனால் பக்கத்து வீட்டு ஹில்டா டீச்சரின் வராண்டாவில் கோணிப்பை போர்த்திக்கொண்டு நிற்கிறது. அங்கேயே ஆட்டி நாலைந்து வீட்டுக்கு இட்லி மாவு கொடுத்துவந்தாள். டீச்சர் இருப்பதோ வாடகை வீடு. வீட்டு ஓனர் வந்து பார்த்துவிட்டு, மாசக் கடைசிக்குள் அது போகணும், இல்லாவிட்டால் டீச்சர் போகணும் என்று சொல்லிவிட்டார். தசரதன் வீட்டில் பெரிய பிளக் பாயின்ட் இருப்பது முன் ரூமில் மட்டும்தான். அது கிடைக்காவிட்டால் கிரைண்டரைக் கடைக்கே திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

"மாவா?" தசரதன் சிரித்தார். "இது ஒரு பிசினஸா லோகு? பிசினஸ்னா மூணு விஷயம் வேணும். ஒண்ணு, நம்மளை நாலு பேருக்குத் தெரியணும். ரெண்டு, விடாம முயற்சி பண்ணணும். மூணு, ஜனங்க கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கணும். உன் மாவு யார் கண்ணுல பட்டுது?"

"வாயில பட்டாப் போதும்னு நினைச்சேன்."

"அங்கதான் தப்பு பண்றே."

லோகநாயகி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"மூணு ஞாயித்துக்கிழமை பாருங்க. ஒரு வாரமாவது பத்துப் பேர் வந்து உட்கார்ந்து நீங்க பேசறதைக் கேட்டா ரூம் உங்களுக்கு. இல்லாட்டி கிரைண்டருக்கு."

"பத்தா? தெரு அடைச்சு நிக்கப்போகுது, நீ பாரு!"

மறுநாளே தாம்பரம் மார்க்கெட்டில் அச்சகத்துக்குப் போனார். மூவாயிரம் நோட்டீஸ். ரோஸ் கலர். தலைப்பில் பெரிய எழுத்தில் 'உங்களை நாலு பேருக்குத் தெரியுமா?' என்ற கேள்வி. அதன்கீழே தசரதனின் படம். ஸ்டுடியோக்காரரின் கோட்டைப் போட்டுக்கொண்டு, கன்னத்தில் விரல் வைத்து யோசிக்கிற படம். அடியில் விலாசம்: சேலையூர், ரேஷன் கடைக்குப் பின் தெரு, மூன்றாவது வீடு. ஞாயிறு மாலை ஐந்து மணி.

"ரெண்டு பக்கமும் அடிக்கணுமா சார்?" என்று அச்சகக்காரர் கேட்டார்.

"எதுக்கு? என் முகம் ஒரு பக்கந்தானே இருக்கு."

தினமும் வேலை விட்டு வந்து தாம்பரம் ஸ்டேஷன் கிழக்குப் பக்கப் படிக்கட்டில் நின்றார். ரயிலைவிட்டு இறங்குகிற ஒவ்வொரு கையிலும் ஒரு நோட்டீஸைத் திணித்தார். ஜனங்கள் ரொம்ப நல்லவர்கள். வாங்கிக்கொண்டார்கள். நாலாவது படியில் போட்டுவிட்டுப் போனார்கள். அரைமணி நேரத்தில் படிக்கட்டு முழுக்க ரோஸ் கலர். எந்தப் படியில் கால் வைத்தாலும் தசரதன் கன்னத்தில் விரல் வைத்து யோசித்துக்கொண்டிருந்தார்.

படியோரத்தில் பூ விற்கிற முனியம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா சார், உன் மூஞ்சிய நீயே கொண்டாந்து எல்லாரையும் மிதிக்க வுட்டுகினு கீறே?"

"இது விளம்பரம்மா."

"இன்னா எழவோ. பொறுக்கி எடுத்தா எனக்குப் பூ மடிக்க ஆவுது. நாளிக்கும் வா."

முதல் ஞாயிறு வந்தது. பந்தல் கடையிலிருந்து இருபது மடக்கு நாற்காலி வாடகைக்கு எடுத்துப் போட்டார். ஐந்து மணி ஆனது. ஆறு ஆனது. ஆறேகாலுக்கு ஒருத்தர் வந்தார். தசரதன் ஓடிப்போய் வரவேற்றார். பாதி நாற்காலியை வேறொரு விசேஷத்துக்குத் திருப்பிக் கேட்டு பந்தல் கடைக்காரர் அனுப்பிய ஆள் அவர்.

இரண்டாவது ஞாயிறு மழை. ஒருத்தர் வந்து நிஜமாகவே உட்கார்ந்தார். பேச்சைக் கேட்டார். தலையாட்டினார். மழை நின்றது. எழுந்து போய்விட்டார்.

"ஒண்ணு ஆச்சு," என்றாள் லோகநாயகி.

"விடாமுயற்சி லோகு, விடாமுயற்சி! மூணாவது தடவைதான் ஜனங்க மனசுல பதியும்னு அந்த வகுப்புலயே சொன்னாங்க."

மறுநாள் காலையிலிருந்து லோகநாயகியிடம் ஒரு மாற்றம். அவள் பாட்டுக்கு நோட்டீஸ் கட்டை எடுத்து, நூறு நூறாகப் பிரித்து, தசரதனின் படம் மேலே தெரிகிற மாதிரி நேராக அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தாள்.

"ஓரம் மடங்காமப் பாத்துக்குங்க."

தசரதனுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. கட்டிய மனைவியே நம்ப ஆரம்பித்துவிட்டாள் என்றால் ஊர் நம்ப எத்தனை நேரமாகும்? அவள் கட்டைவிரலில் ஊதா மசி ஒட்டியிருந்ததைக் கண்டார். பால் கணக்கு எழுதியிருப்பாள் என்று விட்டுவிட்டார்.

அந்த வாரம் ஸ்டேஷன் படிக்கட்டில் அதிசயம் நடந்தது. ஒருத்தரும் நோட்டீஸைக் கீழே போடவில்லை. வாங்கினார்கள், திருப்பிப் பார்த்தார்கள், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள். ஒரு பெண் பாதிப் படி இறங்கியவள் திரும்பி ஏறி வந்தாள்.

"சார், இன்னும் ரெண்டு குடுங்க. எங்க ஆபீஸ்ல கேப்பாங்க."

கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் நின்று விசாரித்தார்.

"அஞ்சு மணின்னா அஞ்சுக்கே வந்துடணுமா? கொஞ்சம் லேட்டானா கிடைக்காதோ?"

"தாராளமாக் கிடைக்கும் சார். இருபது நாற்காலி போட்டிருக்கேன்."

"நாற்காலியெல்லாமா!" பெரியவர் அசந்துபோனார். "இந்தக் காலத்துல யார் சார் இவ்வளவு மரியாதை பண்றா?"

முனியம்மாவே கையை நீட்டினாள்.

"எனக்கும் ஒண்ணு குடு சார். நாயித்துக்கெயமை நானும் வரேன்."

பூக்காரி முனியம்மாவே முன்னேறக் கிளம்பிவிட்டாள்! தசரதன் அன்றிரவு சாப்பிடும்போது மனைவிக்கு விடாமுயற்சியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். அவள் குழம்பு ஊற்றினாள்.

மூன்றாவது ஞாயிறு. விடியற்காலையிலிருந்தே ஹில்டா டீச்சர் வராண்டாவில் கிரைண்டர் சத்தம். பேச்சை ஒத்திகை பார்க்க முடியவில்லை என்று தசரதன் இரண்டு தடவை ஜன்னலைச் சாத்தினார். நாலேமுக்காலுக்கு, ஸ்டுடியோவில் கேட்டு வாங்கி வைத்திருந்த அதே கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

வந்தவர் படியிலேயே நின்றுவிட்டார்.

தெரு அடைத்து நின்றது. வரிசை அவர் வீட்டு வாசலில் ஆரம்பித்து ரேஷன் கடை மூலை திரும்பிப் போயிருந்தது. எண்ணிப் பழகிய கண் எண்ணியது. நாற்பத்து மூன்று. பெரியவர் இருந்தார். ஆபீஸ் பெண் இன்னும் இரண்டு பேரோடு இருந்தாள். முனியம்மா இருந்தாள். எல்லார் கையிலும் ஒரு பாத்திரம். தூக்கு, எவர்சில்வர் டப்பா, மூடி போட்ட அடுக்கு, ஒருத்தர் கையில் பிளாஸ்டிக் வாளி.

குருவுக்குக் காணிக்கை கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். முதலில் நின்றவரின் தூக்கை ஆசையாக எட்டிப் பார்த்தார். காலி. அடுத்ததும் காலி.

சட்டென்று அவருக்கு விளங்கியது. 'கற்றுக்கொள்ள வருகிறவன் காலிப் பாத்திரமாக வரவேண்டும்' என்று அந்த வகுப்பில் சொன்னார்களே! அதைத்தான் இவர்கள் செய்திருக்கிறார்கள். கண் கலங்க உள்ளே ஓடினார்.

"லோகு! எல்லாரும் காலிப் பாத்திரமா வந்திருக்காங்க! அதை நிரப்பறது இனிமே என் பொறுப்பு!"

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? நான் நிரப்பறேன்," என்று லோகநாயகி பெரிய கரண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பின்னாலேயே ஹில்டா டீச்சர் ஒரு அண்டா மாவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

தசரதன் பெரியவரின் சட்டைப்பையிலிருந்த நோட்டீஸை உருவினார். தன் படத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் திருப்பிப் பார்த்தார். ஊதா மசியில் ரப்பர் ஸ்டாம்பு.

'சுத்தமான இட்லி மாவு. ஞாயிறு மாலை 5 மணி. பாத்திரம் கொண்டு வரவும். விலாசம்: மறுபக்கம்.'

"ஏன் சார்," என்றார் தன் படத்தைக் காட்டி, "இந்தப் பக்கம் நீங்க படிக்கவே இல்லையா?"

"படிச்சேனே. என்னை நாலு பேருக்குத் தெரியுமான்னு கேட்டிருந்தது. எனக்கு எதுக்கு சார் அது? காலையில பலகாரம் என்னன்னு வீட்டுல நாலு பேர் கேக்கறாங்க."

தசரதன் கொதித்துக் கிளம்பினார். ஆனால் அதற்குள் அண்டா காலி. இருபது பேர் வாங்கிப் போய்விட்டார்கள். அடுத்த ஈடு ஆட்ட முக்கால் மணி நேரமாகும் என்று டீச்சர் சொன்னாள். மிச்சம் இருபத்து மூன்று பேர் கால் மாற்றி நின்றார்கள். திறந்த கதவு வழியாக நாற்காலிகள் தெரிந்தன. ஒருத்தர் உட்கார்ந்தார். பின்னாலேயே எல்லாரும் வந்தார்கள். மூன்று பேருக்கு இடம் இல்லாமல் ஜன்னல் திட்டில் உட்கார்ந்தார்கள்.

நிறைந்த சபை! தசரதனின் கோபம் கோட்டுக்குள்ளேயே அடங்கிவிட்டது. தொண்டையைக் கனைத்தார். பேசினார். மூன்று விஷயத்தையும் விளக்கினார். முப்பது உதாரணம் சொன்னார். யாரும் எழுந்து போகவில்லை. எங்கே போவார்கள்? மாவு ஆடிக்கொண்டிருக்கிறது. முக்கால் மணி கழித்து கிரைண்டர் நின்றது. சபை மொத்தமும் கைதட்டியது.

கூட்டம் கலைந்ததும் மனைவியை நடுக்கூடத்தில் நிறுத்தினார்.

"பத்துப் பேர் கேட்டே. இருபத்து மூணு பேர் உட்கார்ந்து கேட்டாங்க. கைதட்டினாங்க. ஜெயிச்சது யாரு?"

"நீங்கதாங்க."

"ரூம் யாருக்கு?"

"உங்களுக்குத்தாங்க. பேச்சு மாற மாட்டேன்." லோகநாயகி கரண்டியைக் கழுவி வைத்தாள். "பாவம், நீங்க பேசறப்ப வாசல்ல வரிசை நின்னா உங்களுக்கும் தொந்தரவு. அடுத்த வாரத்துலேருந்து டீச்சர் வீட்டு வாசல்லயே ஊத்திடறேன். அங்கயே நாலு பெஞ்சு போட்டுட்டா, ஜனங்க அங்க உட்கார்ந்துக்குவாங்க. உங்க பக்கம் ஒரு ஈ காக்கா வராது. நிம்மதியாப் பேசலாம்."

தசரதன் முன் ரூமைத் திரும்பிப் பார்த்தார். இருபது காலி நாற்காலி கண்முன் வந்தது.

"ஆனா எங்க ஓனர்..." என்று டீச்சர் ஆரம்பித்தாள். லோகநாயகி அவள் காலை மெல்ல மிதித்தாள்.

"அதெப்படி?" தசரதன் எகிறினார். "நான் திரட்டின கூட்டம்! படிக்கட்டுல நின்னு நின்னு கால் வீங்கித் திரட்டின கூட்டம்! அடுத்த வீட்டுக்கு எப்படிப் போகும்? கிரைண்டர் இங்கதான் இருக்கணும். இந்த ரூம்லதான் இருக்கணும். நான் பேசற இடத்துக்குப் பக்கத்துலயே இருக்கணும்!"

"வேண்டாங்க, இடம் அடைக்கும்."

"அடைச்சா அடைக்கட்டும்!"

"கனம் ஜாஸ்திங்க. கூலிக்கு ஆள்தான்..."

"எதுக்கு ஆளு? நான் எதுக்கு இருக்கேன்?"

கோட்டைக் கழற்றி எறிந்தார். டீச்சர் ஒருபக்கம் பிடிக்க, இடுப்பு முறிய, கிரைண்டரை அவரே நகர்த்திக் கொண்டுவந்தார். பெரிய பிளக்கில் அவரே சொருகினார். ரூமில் முக்கால் பாகத்தை அது எடுத்துக்கொண்டது. மிச்சக் கால் பாகத்தில் நாற்காலி போட்டது போக, கிரைண்டருக்கு முன்னால் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது. அதில் நின்று பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அறுபது பேர். நாற்காலி நிறைந்து, வாசல் நிறைந்து, தெருவிலும் நின்றார்கள். அத்தனை கண்ணும் தன்மேல் பதிந்திருப்பதைப் பார்த்து தசரதன் பூரித்துப்போனார். கன்னத்தில் விரலை வைத்தார். "அன்பார்ந்த பெரியோர்களே, முதல் விஷயம்..." என்று தொடங்கினார்.

பின் வரிசையிலிருந்து முனியம்மா குரல் கொடுத்தாள்.

"சார், நீ பாட்டுக்குப் பேசு, வாணாங்கல. கொஞ்சம் குந்திகினு பேசு. நின்னா மாவ மறைக்கிறே."