சர்க்காருக்கு இன்னா வேலை?

சர்க்கார் என்ற சொல்லைக் கேட்டதும் தேசமே எழுந்து நின்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்ட காலத்தில், உட்கார்ந்தபடியே கொட்டாவி விட்ட ஒரே பிரஜை எங்கள் 'இன்னாவேலை' நைனாதான்.

ஐம்பதுகளில் கும்மிடிப்பூண்டி ரயிலடியில் அவர் சோடாக்கடை வைத்திருந்தார். நான் பஞ்சாயத்து போர்டு குமாஸ்தா. கடை லைசென்ஸில் அவர் பெயரை எழுதிய எனக்கே அந்தப் பெயர் சட்டென்று ஞாபகம் வராது. எதற்கெடுத்தாலும் "இதுல சர்க்காருக்கு இன்னா வேலை?" என்று கேட்டுக் கேட்டே 'இன்னாவேலை' ஆகிவிட்டவர். கடைகளுக்கெல்லாம் பச்சை வர்ணம் அடிக்கவேண்டும் என்று போர்டு தீர்மானம் போட்டபோது கேட்டார். ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும் என்றபோது, ரேடியோவே இல்லாத அவர் மற்றவர்களுக்காகக் கேட்டார். மழை பெய்தால் மட்டும் கேட்கமாட்டார்.

"அப்ப சர்க்காரே வேணாங்கிறியா நைனா?" என்றேன் ஒருநாள்.

"யாரு சொன்னா? திருடன் வந்தா புடிக்கட்டும். ரெண்டு பேரு அடிச்சிக்கினா வெலக்கி உடட்டும். ரோட்டுல பள்ளம் உழுந்தா மூடட்டும். அத்தத்தான் செய்ய மாட்டேங்கறீங்க. எங்கடைக் கதவு இன்னா கலருன்னு பாக்க மட்டும் தினம் ஆளு வருது!"

எங்கள் ஆபீஸ் வாசல் பள்ளத்தில் அப்போது ஓர் எருமை படுத்திருந்தது.

சைக்கிளுக்கு வரி கட்டித் தகர வில்லை வாங்கி மாட்டவேண்டும் என்ற விதி வந்தது. மறுநாள் முதல் நைனா சோடாப் பெட்டியைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டே நடந்தார். "ஓட்டறதுக்குத்தானே வில்லை? நான் தள்ளிக்கினு போறேன். தள்றதுக்கு எந்தச் சட்டம், காமி" என்றார். தேடிப் பார்த்தேன். இல்லை. அடுத்த ஊரான எளாவூர்வரை அப்படியே தள்ளுவார். ஏறி உட்காராமலே டயரைத் தேய்த்த மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அது மதுவிலக்குக் காலம். புதிதாக வந்த ஏட்டு ஒருவர் ரயிலடியில் நின்றுகொண்டு வருகிற போகிறவர்களையெல்லாம் வாயை ஊதச் சொல்லி முகர்ந்துகொண்டிருந்தார். நைனா கள்ளைக் கண்ணால் பார்த்தாலே எதிர்ப்பக்கம் போகிறவர்.

"ஊதுய்யா."

"மாட்டேன்."

"குடிச்சிருக்கியா?"

"இல்ல."

"அப்ப ஊதறதுக்கு இன்னா?"

"குடிக்காதவன் வாயில சர்க்காருக்கு இன்னா வேலை? மூச்சு என்னுது."

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள். சித்திரை வெயில். சேதி தெரிந்து அவர் சம்சாரம் ஓடிவந்து, "ஒரு தபா ஊதித் தொலைச்சிட்டு ஊட்டுக்கு வாய்யா, பேஜாரு புடிச்ச மனுசா!" என்று கத்தினாள். அவர் அசையவில்லை. சாயங்காலம்வரை வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தவர், களைப்பில் அப்படியே தூங்கிப்போய்க் குறட்டைவிட ஆரம்பித்தார். ஏட்டு குனிந்து முகர்ந்து பார்த்து, "வெறும் வெங்காயம்யா" என்று விடுதலை செய்தார். கண்விழித்த நைனா கேட்ட முதல் கேள்வி: "நானா ஊதல இல்ல? அத்தையும் எழுதிக்கோ!"

இதையெல்லாம் வெறும் பிடிவாதம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், சர்பத் பாய் வரும்வரை.

பழவேற்காட்டில் வியாபாரம் நொடித்து, மனைவி பிள்ளைகளோடு வந்த பாய், நைனா கடைக்கு நேர் எதிரே நன்னாரி சர்பத் கடை போட்டார். ரயில் இறங்கிய கூட்டம் பாதி அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. நைனாவுக்கு வயிறு எரிந்தது. "அது சர்பத்தாய்யா? சக்கரையத் தண்ணியில போட்டு அழ உட்டுக்கீறான்!" என்று போகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

எங்கள் போர்டுத் தலைவருக்கு நைனாவின் இஞ்சி சோடா இல்லாமல் மதியச் சாப்பாடு செரிக்காது. அந்த விசுவாசத்தில், லைசென்ஸ் கேட்டுப் பாய் போட்ட மனு கூட்டத்துக்கு வந்த அன்று, நல்ல சேதி சொல்ல நைனாவையும் கூப்பிட்டுவிட்டார்.

"ஊருக்கு ஒரு கடை போதும்னு முடிவு பண்ணிட்டோம். இனிமே உன் கடைதான். சந்தோஷமா?"

நைனா எழுந்தார். "தலிவரே, அவன் சர்பத்து கேவலம்."

"அதான் வேணாங்கறோம்."

"கேவலம்னு நான் சொல்லுவேன். குடிக்கிறவன் சொல்லுவான். விக்காதேன்னு சொல்ல நீ யாரு?"

பெஞ்சோரம் நின்றிருந்த பாய் வாயைப் பிளந்தார்.

"யோவ், உன் நல்லதுக்குத்தான்யா செய்யறேன்!"

"இன்னிக்கு என் நல்லதுக்கு அவன் கடைய மூடுவே. நாளிக்கு எவன் நல்லதுக்கோ எங்கடைய மூடுவே. இந்த நல்லது எனுக்கு வேணாம்."

தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. மனு தள்ளுபடி. மறுநாள் காலையில் நானும் பியூனும் போய்ப் பாய் கடைக்குப் பூட்டுப் போட்டோம். பாய் சர்பத் பாட்டில்களை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். "பழவேற்காட்டுக்கே போய்டலாம், வாங்க" என்று மனைவி விசும்பிக்கொண்டிருந்தாள்.

நைனா ரோட்டைத் தாண்டி வந்தார். பாயின் முகத்தைப் பார்க்காமல், "பாட்டிலத் தூக்கிக்கினு வா" என்றார்.

"எங்க நைனா?"

"எங்கடைக்கு. பலகையில பாதி உன்னுது. எனுக்கு லைசென்ஸ் கீது. எங்கடையில எவன் குந்துறான்னு கேக்க சர்க்காருக்கு இன்னா வேலை?"

நான் பூட்டுச் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் ரயிலடியில் தினமும் திருவிழாதான். ஒரே பலகையின் இந்த மூலையில் சோடா, அந்த மூலையில் சர்பத். "அந்தாண்ட போகாதய்யா, தொண்ட கெட்டுடும்" என்பார் நைனா. "சோடா குடிச்சா ஏப்பம்தான் வரும், இப்டி வாங்க" என்பார் பாய். சண்டையைப் பார்க்க வந்த கூட்டம் இரண்டையும் குடித்தது. ஆனாலும் பாய் பக்கம்தான் கூட்டம் அதிகம்.

"உன் பொழப்புல நீயே மண்ண அள்ளிப் போட்டுக்கினியே" என்று சம்சாரம் திட்டினாள்.

"அவன் சரக்கு நல்லா கீது, விக்குது. நானும் நல்லா போடணும். ஆளு வெச்சி அவன் கைய கட்டுனா நான் சோடாக்காரனா, போக்கிரியா?" என்றார் நைனா. அந்த வாரமே பன்னீர் சோடா போட்டார்.

இஞ்சி சோடா இல்லாமல் வீம்பாக இருந்த தலைவரின் வயிறு கடைசியில் அவரைக் கடைக்கு இழுத்து வந்தது. கூட்ட நெரிசலில் பாய் நீட்டிய கிளாஸை வாங்கிக் குடித்துவிட்டார். உதட்டை நக்கினார். இன்னொரு கிளாஸ் கேட்டார். அடுத்த கூட்டத்தில் பாய்க்கு லைசென்ஸ் பாஸாகிவிட்டது.

"லைசென்ஸ் குடுக்க மட்டும் நீ யாருன்னு தலிவரைக் கேட்டிருப்பேன். பாய் பொண்டாட்டி அழுதுச்சி, உட்டுட்டேன்" என்றார் நைனா என்னிடம். பாய் எதிர்க்கடைக்குத் திரும்பிப் போன அன்று, காலியான பாதிப் பலகையை அவர் வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு எனக்குத் திருவள்ளூருக்கு மாற்றல் வந்தது. புறப்பட்ட அன்று நைனா ரயில் ஜன்னலுக்கே வந்து, கோலியைத் தட்டி ஒரு சோடாவை உடைத்துக் கையில் கொடுத்தார்.

"போற எடத்துல வேலைய கம்மியா செய், குமாஸ்தா. ஜனம் நல்லா இருக்கும்."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. விசில் ஊதினார்கள். வண்டி அசையும்வரை அவர் ஜன்னல் கம்பியை விடவில்லை. விடச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.