மேற்கு பார்த்த அஞ்சு கோபுரம்

யாங்கோன் தமிழர்களில் பாதிப் பேருக்கு அங்கோர் வாட்டில்தான் கல்யாணம் நடந்தது. யாரும் கம்போடியா போனதில்லை. பசுந்தாங் பேட்டையில் கல்யாண மேடை போடும் ‘அஞ்சு கோபுரம்’ அண்ணனும் போனதில்லை. எங்கோ காலண்டரில் பார்த்த படம். அன்றிலிருந்து மயில் கேட்டாலும் தாமரை கேட்டாலும் தெர்மாகோலில் அவர் அறுப்பது அந்த ஐந்து கோபுரங்களைத்தான்.

வரலாறு இலவசம். என் கல்யாணத்தில் தாலியைக் கையில் வாங்கிக்கொண்டிருந்த என்னிடம், "தொள்ளாயிரம் வருசத்துக்கு முன்னால கெமர் ராஜா பெருமாளுக்குக் கட்டினது தம்பி, சுத்தி அகழி..." என்று ஆரம்பித்தார். மேடையையும் மேற்கு பார்த்தே போட்டிருந்தார். ஐயர் கத்தினார்:

"கிழக்க பார்த்து உக்காரணும்யா!"

"அங்கோர் வாட் மேற்க பார்த்துத்தான் சாமி நிக்குது."

"அப்ப அங்க போய்க் கட்டச் சொல்லு!"

கடைசியில் விருந்தினருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். ஆல்பத்தில் என் தலையிலிருந்து ஒரு கோபுரம் முளைக்கிறது. என் வாழ்க்கையில் உயர்ந்து நின்றது அது ஒன்றுதான்.

போன வருடம் அவர் மகளுக்கே கல்யாணம். மாப்பிள்ளை பர்மியப் பையன், பௌத்தர். முதல் நாள் தின்கன்ஜூன் மண்டபத்துக்குச் சம்பந்தியம்மா டோ மியா, கூடை நிறையப் பூவும் புத்தர் சிலையுமாக வந்தார். "இவர்தான் நடுவில, உசரத்தில. இல்லேன்னா என் மகன் மேடை ஏறமாட்டான்."

அண்ணி பெருமாள் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். "இவரு இல்லாம தாலி கிடையாது."

மகள் அழுதாள். கல்யாணம் நின்றது என்றே நினைத்தேன்.

அண்ணன் புத்தரை நடுக் கோபுரத்தில் ஏற்றினார். பெருமாளை மேடை வாசலில் வைத்தார்.

"என் பெருமாள் வாச்மேனா?" என்றார் அண்ணி.

"அங்க அப்படித்தான்டி. இவருக்குக் கட்டின கோயில்ல பின்னால புத்தர் வந்து உக்காந்தாரு. இவரை யாரும் வெளிய போகச் சொல்லல. இன்னிக்கும் மேற்கு வாசல்ல நிக்கிறாரு, பௌத்தருங்க பூ வைக்கிறாங்க."

அதையே பர்மிய மொழியில் சம்பந்தியம்மாவிடமும் முழங்கினார், அகழி உட்பட.

டோ மியா யோசித்தார். கூடையிலிருந்து ஒரு கொத்துப் பூவை எடுத்துப் பெருமாள் முன்னால் வைத்தார். அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சம்பந்திக்கு யாராச்சும் டீ குடுத்தீங்களா?" என்று எங்கள் மேல் எரிந்து விழுந்தார்.

மறுநாள் ஐயரே மணையை மேற்கு பார்த்துப் போட்டார். மாலை வெயில் ஜன்னல் வழியே ஐந்து கோபுரங்களிலும் பொன்னாக இறங்கியபோது இரண்டு வீட்டாரும் கைதட்டினார்கள். அண்ணன் பட்டு லுங்கியை இறுக்கிக்கொண்டு அந்தக் கெமர் ராஜாவாகவே நின்றார்.

என் மகளுக்கு இன்னும் வரன் அமையவில்லை. ஆனால் அண்ணனிடம் மேடைக்குச் சொல்லிவைத்துவிட்டேன். இந்த முறை அகழியும் வேண்டும்.