தேனி பஸ் ஸ்டாண்டில் அருள்நேசனைப் பிடித்தேன்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு மனிதரைத்தான் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன். அவர் எந்தத் தப்பும் செய்திருக்கவில்லை.

நடந்தது 2007இல். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. தேனியில் சொட்டுநீர்ப் பாசனக் குழாய் விற்கும் கடையில் வேலை. "இந்தக் குழாய் அடைக்கவே அடைக்காதுண்ணே" என்று விவசாயிகளிடம் சொல்வது என் தொழில். (அடைக்கும்.) மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடவுள் இல்லை என்று நிரூபிப்பது என் லட்சியம். அதற்காகக் கடைக்கு எதிர்ச் சந்தில் இருந்த பிரவுசிங் சென்டரில் தினமும் ஒரு மணி நேரம் உட்காருவேன். காலையில் அம்மா பூசிவிட்ட விபூதியை வாசலிலேயே துடைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவேன். வீட்டில் ஏன் இந்தக் கொள்கையைப் பேசவில்லை என்று கேட்காதீர்கள். வீட்டில் சோறு போடுவது அம்மா.

ஒரு தமிழ் விவாதக் குழுவில் 'தீப்பொறி' என்ற பெயரில் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு எதிராக 'அருள்நேசன்' என்று ஒருவர். நான் ஒரு பக்கம் எழுதினால் அவர் ஒன்றரைப் பக்கம் எழுதுவார். நான் வைவேன். அவர் "அன்பு நண்பரே" என்று தொடங்குவார். அந்த 'அன்பு நண்பரே'தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. வைதால் திருப்பி வைவதுதானே மனித இயல்பு? இந்த ஆள் வையவில்லை என்றால் உள்ளே ஏதோ திட்டம் இருக்கிறது என்று முதல் சந்தேகம் அங்கேதான் விழுந்தது.

மெல்ல மெல்ல அவர் என் தலைக்குள் குடிவந்துவிட்டார். குளிக்கும்போது அவருக்குப் பதில் யோசிப்பேன். சாப்பிடும்போது அவரை மடக்குவேன். ஒரு விவசாயி, "இது எத்தன வருசம் தம்பி உழைக்கும்?" என்று கேட்டதற்கு, "அதுக்கு ஆதாரம் இருக்கா?" என்று அவரையே திருப்பிக் கேட்டுவிட்டேன். அவர் பேசாமல் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்.

இப்படியிருக்க, ஒரு நாள் அருள்நேசன் எழுதினார்: "அன்பு நண்பரே, ஓடைப்பட்டியில் பந்தல் போட்ட பிறகுதானே திராட்சைக் கொடி படர்கிறது? இந்த உலகத்துக்குப் பந்தல் போட்டவர் யார் என்று மட்டும் ஏன் கேட்க மறுக்கிறீர்கள்?"

ஓடைப்பட்டி என் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரம். அந்தத் திராட்சைப் பந்தல் இவருக்கு எப்படித் தெரியும்? அப்படியென்றால் ஆள் நம்ம பக்கத்துக்காரர். என்னைத் தெரிந்தவர். தினமும் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்!

அன்றிலிருந்து எல்லார் மேலும் ஒரு கண். முதலில் பிரவுசிங் சென்டர்காரர். குமுளிப் பக்கத்து மலையாளி. என் முதுகுக்குப் பின்னாலேயே உட்காருகிறவர்.

"சேட்டா, நீங்க தமிழ்ல டைப் அடிப்பீகளா?" என்று போட்டு வாங்கினேன்.

"அய்யோ மோனே, எனக்குத் தமிழ் வாசிக்கவே அறியில்ல!"

குற்றவாளி வேறு என்ன சொல்வான்? அவர் பெயரை மனதில் எழுதிக்கொண்டேன். அடுத்து எங்கள் முதலாளி. அதற்கடுத்து டீக்கடைக்காரர், ஒரு நாள் தேவையில்லாமல் 'அன்பா' என்ற சொல்லைப் பயன்படுத்தியதற்காக.

அந்த வாரம் திங்கட்கிழமை, என்னோடு வேலை பார்த்த முருகேசன் வந்து காதைக் கடித்தான்.

"ஏலே, ஒன்னையப் பத்தி ஒரு ஆளு வெசாரிச்சிட்டுப் போனாக."

"யாரு?"

"ஓடைப்பட்டிக்காரகளாம். பெரிய மீசை, கையில மஞ்சப் பை. நீ எப்படிப்பட்ட ஆளு, குடிப்பியா, சாமி கும்பிடுவியான்னு கேட்டாக."

"சாமி கும்பிடுவேனான்னா கேட்டாக?"

"அதத்தான்டா மொதல்ல கேட்டாக."

இதற்கு மேல் என்ன வேண்டும்? மறுநாள் அதே மீசையை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். எதிர்வீட்டு அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்தார். வானத்தில் ஒன்றும் இல்லை.

புதன்கிழமை மதியம் பஸ் ஸ்டாண்டில் வசமாகச் சிக்கினார். நேராகப் போய் முன்னால் நின்றேன்.

"ஐயா, எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு."

மீசை சிரித்தது. "தெரிஞ்சுபோச்சா? நல்லதாப் போச்சு தம்பி. நானே ஒங்களப் பாத்துப் பேசணும்னுதான் இருந்தேன்."

ஒப்புதல் வாக்குமூலம்!

"அப்ப மொகத்துக்கு நேரா இங்கனயே சொல்லுங்க. கடவுள் இருக்காரா, இல்லையா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எனக்கு இப்ப ஊருக்குப் போகச் சின்னமனூர் பஸ்ஸு இருக்கா இல்லையான்னுதான் தம்பி தெரியணும்."

"பேச்ச மாத்தாதீக! எதுக்கு என் பின்னாலயே திரியிறீக? அந்தப் பையில என்ன?"

சொல்லிக்கொண்டே பையைப் பிடுங்கினேன். அவர் விடவில்லை. நான் இழுக்க, அவர் இழுக்க, பை கவிழ்ந்தது. வெற்றிலை, கண்ணாடிக் கூடு, மடித்த ஜாதகம் ஒன்று. அதன்மேல் என் தங்கை கலாவின் போட்டோ.

இந்த இடத்திலாவது மூளையுள்ளவன் நிறுத்தியிருப்பான். நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

"என் தங்கச்சி போட்டோ இந்தாளு பையில எப்படி வந்துச்சு? பிடிங்க இவர!"

பஸ் ஸ்டாண்டே கூடிவிட்டது. ஒரு கண்டக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கொய்யாப்பழம் விற்ற அம்மா, "நரைச்ச மீசைக்கு இது தேவையா?" என்று ஆரம்பித்தார். மீசைக்காரர் முகம் சாம்பலாகிவிட்டது. கூட்டத்தைப் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்துச் சொன்னார்.

"ஒங்க ஆத்தாதான் தம்பி குடுத்தாக. என் தம்பி மகனுக்கு ஒங்க தங்கச்சியக் கேட்டு வந்திருக்கோம். போன வாரம் ஒங்க வீட்டுலதான் காப்பி குடிச்சேன். நீங்க வேலைக்குப் போயிட்டதா சொன்னாக."

கண்டக்டர் கையை விட்டார். கொய்யாப்பழ அம்மா என் பக்கம் திரும்பி, "அடக் கூறுகெட்டவனே" என்றார்.

மீசைக்காரர் கீழே குனிந்து, எல்லாவற்றுக்கும் முன்னால் போட்டோவை எடுத்தார். துண்டால் தூசியைத் துடைத்து, ஜாதகத்துக்குள் வைத்து மடித்தார். சின்னமனூர் பஸ் அதற்குள் போய்விட்டிருந்தது. எனக்கு அந்த பஸ்ஸுக்கு அடியில் படுத்திருக்கலாம் போலிருந்தது.

வீட்டில் அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "மூணு தடவ சொன்னேன்லடா, ஓடைப்பட்டியில இருந்து கேட்டு வந்திருக்காகன்னு! நீயும் 'ம்'முன்னு சொன்னியே!" சொல்லியிருப்பார். மூன்று தடவையும் நான் அருள்நேசனுக்குப் பதில் யோசித்துக்கொண்டிருந்திருப்பேன்.

அன்று சாயங்காலமே தரகர் செய்தி கொண்டுவந்தார். பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். மாப்பிள்ளைக்கு லோயர் கேம்ப்பில் கரண்டு ஆபீஸ் வேலை, அவருக்கும் முழுச் சம்மதமாம். ஆனால், அண்ணன்காரனுக்கு இப்படி என்றால், பரம்பரையில் வேறு யாருக்காவது மூளைக் கோளாறு உண்டா என்று கேட்கச் சொன்னார்களாம்.

மறுநாள் காலையில் கலா தலைவாரிக்கொண்டு வந்து, "கெளம்பு" என்றாள். கேட்டு வந்த வீட்டுக்குப் பெண்ணே நேரில் போவது எங்கள் பக்கத்தில் கேள்விப்படாத விஷயம். அதைவிடக் கேள்விப்படாததை நான் ஏற்கெனவே செய்துவிட்டிருந்ததால் அம்மா தடுக்கவில்லை.

ஓடைப்பட்டியில் மீசைக்காரர், பெயர் பெருமாள்சாமி, திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் இரண்டு அடி பின்னால் போனார்.

"மாமா," என்றாள் கலா, "எங்க பரம்பரையில யாருக்கும் கிறுக்கு கெடையாது. இவனுக்கு மட்டுந்தான். இதுவும் இன்டர்நெட்டுல வந்தது."

அவர் கவலையோடு கேட்டார்: "அது வேறாளுக்கும் ஒட்டுமா ஆத்தா?"

"சாமியப் பத்திச் சண்ட போடுற எடத்துக்குப் போனாத்தான் மாமா ஒட்டும். போகலன்னா சரியாயிரும்."

அவர் யோசித்தார். எதற்கும் நான்கு முழம் தள்ளியே நின்று என்னிடம் கேட்டார். "கல்யாணம் முடியிற வரைக்கும் அந்தப் பக்கம் போக மாட்டேன்னு சத்தியம் பண்ணுவீகளா தம்பி?"

பண்ணினேன். தோட்டத்து மூலையில் இருந்த சின்னக் கோயிலில், கற்பூரத்துக்கு நேராகக் கையடித்து, எந்தக் கடவுளை நான் மாதக்கணக்கில் இல்லை இல்லை என்று எழுதினேனோ அந்தக் கடவுள் அறியச் சத்தியம் செய்தேன். சாமி எதிரில் இருந்ததோ என்னவோ, கலா இருந்தாள்.

ஆவணியில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சத்தியக் காலம் முடிந்ததும் பிரவுசிங் சென்டருக்குப் போய், இந்தத் தடவை விவாதத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அருள்நேசன் மலேசியாவில் லாரி ஓட்டுகிறவர். பிறந்ததே அங்கேதான், தமிழ்நாட்டைப் பார்த்ததே இல்லை என்று மூன்றாவது பதிவிலேயே எழுதியிருந்தார். நான் அதைப் படிக்காமலே பதில் எழுதியிருக்கிறேன். ஓடைப்பட்டித் திராட்சைப் பந்தலை முதலில் இழுத்ததும் நான்தான். "எங்கள் பக்கத்து ஓடைப்பட்டியில் பந்தலை மனிதன்தான் போடுகிறான், கடவுள் போடவில்லை" என்று முழங்கியிருந்தேன். அவர் அதைத்தான் திருப்பிப் போட்டிருக்கிறார்.

கடைசியில் அவருடைய பதிவு ஒன்று தனியாகக் கிடந்தது. "அன்பு நண்பரே, பல வாரங்களாகக் காணவில்லை. உடம்புக்கு ஏதுமா? உங்களுக்காக வேண்டிக்கொண்டேன்."

"நலமாக இருக்கிறேன், நன்றி" என்று எழுதிவிட்டு எழுந்தேன். அதோடு தீப்பொறி அணைந்தது. (ஆனாலும் எனக்கு ஏதோ கோளாறு என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று பஸ் ஏறும்வரை யோசித்தேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.)

இன்றைக்கும் நான் கலா வீட்டில் இருக்கும்போது தெரியாத ஆள் யாராவது வாசலில் வந்து நின்றால், உள்ளேயிருந்து மாப்பிள்ளை, "மச்சான், அருள்நேசன் வந்திருக்காக!" என்று குரல் கொடுக்கிறார். பிள்ளைகளுக்கு அது ஏதோ பெரியப்பா பெயர் என்றே நினைப்பு.

போன மாதம் பெருமாள்சாமி மாமா போன் பண்ணினார். பேரன் ஸ்மார்ட் போன் வாங்கிக் கொடுத்ததிலிருந்து அவர் எட்டுக் குழுக்களில் இருக்கிறார்.

"மாப்ள, ஒரு குரூப்புல சாமிய இல்லைங்கிறான் ஒருத்தன். நான் என்ன எழுதுனாலும் மல்லுக்கு நிக்கிறான். பேச்சப் பாத்தா தேனிப் பக்கத்து ஆளாத் தெரியுது."

"சரிங்க மாமா."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அது நீங்க இல்லையே?"

"சத்தியமா நான் இல்ல மாமா."

"அவனும் அப்படித்தான் சொல்லுறான்" என்று போனை வைத்துவிட்டார்.