ஒதுங்கு மேஸ்திரியும் அறைக்குள் ஒரு பலாவும்

மலைப்பகுதியில் மரம் வெட்ட முன் அனுமதி பெற வேண்டும். பட்டா நகல், வரைபடம், மரத்தின் சுற்றளவு ஆகியவற்றை விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டும் என்பது விதி. கல்வராயன் மலையில் அந்த விதியை முழுதாகப் படித்தவன் நான் ஒருவன்தான். அதைப் படிக்காமலேயே என்னைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்தவர் ஒதுங்கு மேஸ்திரி. மூன்று தூக்குக்குண்டு வைத்துக்கொண்டு, வாழ்நாளில் ஒரு நேர்ச்சுவர்கூடக் கட்டாத கொத்தனார் அவர்.

ஆபீசர் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றதும் மலைமேல் கரியாலூரில் அப்பாவின் ஓட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். கழிப்பறை தோட்டத்துக் கோடியில். மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அவள் திரும்புவதற்குள் ஒரு படுக்கையறையும், ஒட்டினாற்போல் கழிப்பறையும் வேண்டும். அறை வரவேண்டிய இடத்தில் பலா மரம். அதை வெட்ட மூன்று பிரதிகளில் விண்ணப்பித்தேன்.

"பதில் வரட்டும்" என்றேன்.

"உங்க பதிலுக்கெல்லாம் என் முட்டி காத்துக்கினு இருக்காது" என்ற மனைவி, சின்னசேலத்திலிருந்து மேஸ்திரியை வரவழைத்தாள்.

முதல் நாள் அவர் கரண்டியைத் தொடவில்லை. தோட்டத்து மேட்டில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தார். அது ஓடிய வழியெல்லாம் குனிந்தபடியே போய்ச் சுண்ணாம்புத்தூள் தூவினார்.

"இன்னா மேஸ்திரி, வூடு கட்ட வந்தீங்களா, கோலம் போட வந்தீங்களா?" என்றேன்.

"தண்ணி போற வழி சார் இது. நாம கொஞ்சம் ஒதுங்கிக்கலாம்."

சுவர் ஒதுங்கியது. கழிப்பறைக்குத் தோண்டிய இடத்தில் பாறை தலைகாட்டியது. உடைக்கச் சொன்னேன்.

"எதுக்கு சார்? அம்மா அதும்மேல உக்காந்து குளிக்கட்டும்."

அடுத்தது பலா. "அனுமதி வந்ததும் வெட்டிடலாம்" என்றேன்.

"வர்றப்ப வரட்டும் சார். அதுவரிக்கும் நடுவுல உட்டுக் கட்டிக்கினு போறேன்."

ஒன்பது ஆட்சேபணைகளை வரிசை எண்ணிட்டு எழுத்துமூலம் கொடுத்தேன். பணிவாக வாங்கி, தொப்பியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டார். வெயில் ஜாஸ்தியாம்.

மரம் அறைக்குள் வந்துவிட்டது. கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நட்டநடுவில் நின்று, கூரையைத் துளைத்து வெளியேறியது. துளையைச் சுற்றி லாரி டியூபை வெட்டிக் கட்டினார். "ஆடுனா ஆடிக்கட்டும், பெருத்தா பெருத்துக்கட்டும்."

முதல் மழைக்கு வாளியோடு, சற்று ஆசையோடுதான், காத்திருந்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. எறும்புதான் வந்தது.

"அதுங்க வூடு சார் அது. நீங்க ஒதுங்கிப் படுங்க."

மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். சுவரில் பிடிமானக் கம்பி அவசியம் என்று டாக்டர் எழுதியிருந்தார். நான் மறந்திருந்தேன், என் ஒன்பது ஆட்சேபணைகளில் அது இல்லை. அவள் கட்டிலிலிருந்து எழுந்தாள், தள்ளாடினாள், கை நீட்டினாள். கைக்கு எட்டியது பலா. அதை அணைத்தபடி நான்கே எட்டில் கழிப்பறைக்குப் போய்விட்டாள்.

திரும்பி வந்து கேட்டாள்: "இத்தப் போயி வெட்டணும்னு சொன்னது யாரு?"

"யாரோ ஒரு ஆபீசரும்மா" என்றார் மேஸ்திரி, தொப்பியைச் சரிசெய்துகொண்டே.

ஊன்றுகோலை விட்டு நடக்கத் தொடங்கியபின் மனைவி முதல் வேலையாக மேஸ்திரியைச் சாப்பிட அழைத்தாள். பாதிச் சாப்பாட்டில் தபால் வந்தது. அனுமதி வழங்கப்பட்டது, ஒரு மாதத்துக்குள் வெட்டிக்கொள்ளவும்.

"இன்னா சார் பேப்பரு?"

"உங்களுக்குத்தான்" என்று நானே தொப்பியாக மடித்து அவர் தலையில் வைத்தேன். கோப்பில் தேதியை மட்டும் குறித்துக்கொண்டேன்: பதில் கிடைத்த நாள், ஆடிப் பதினெட்டு, மேஸ்திரி இரண்டாம் முறை சோறு கேட்டபோது.