மாமனாரைப் பிடித்த மயில்

எனக்கு ரசனை உண்டு என்று நாற்பது வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை எங்கள் புது வீட்டுச் சமையலறையில் வைத்து உடைந்தது. உடைத்தவை இருபத்தாறு பித்தளை மயில்கள்.

ராஜபாளையத்தில் வீட்டு வேலை முடியும் நேரம். இழுப்பறைகளுக்கும் அலமாரிக் கதவுகளுக்கும் கைப்பிடி மட்டும்தான் பாக்கி. அதுவரை டைல்ஸ், பெயிண்ட், குழாய் எல்லாவற்றையும் என் மனைவி செல்விதான் தேர்ந்தெடுத்தாள். (என்னிடமும் கருத்துக் கேட்பாள். கேட்டுவிட்டு வேறொன்றை வாங்குவாள்.) அந்த வாரம் அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் பரீட்சை. வேறு வழியில்லாமல் என்னை அனுப்பினாள்.

"கைக்கு அடக்கமா இருக்கணும். தொடைக்க லேசா இருக்கணும். எதுவும் நீட்டிக்கிட்டு நிக்கப்படாது. அம்புட்டுதான். நீங்களா எதுவும் யோசிக்காதிய."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைச் சீண்டிவிட்டது. யோசித்தேன்.

கடையில் சுவர் முழுக்கக் கைப்பிடிகள். நீளக் கம்பி, குமிழ், பீங்கான் பூ, இலை. நடுவில் அந்த மயில். கழுத்தை வளைத்து, கொண்டையைச் சிலிர்த்து, கொக்கி போல் கீழே இறங்கிய அலகோடு என்னையே பார்த்தது.

"சார், இது பூசை அலமாரிக்கு ஒண்ணு ரெண்டு வாங்குவாக. அடுப்படிக்கு யாரும் போடுறதில்ல" என்றார் கடைக்காரர்.

"அதனாலதான் நான் போடுறேன்" என்றேன். (இப்படியெல்லாம் பேசக்கூடிய ஆளாகத்தான் அன்று இருந்தேன்.)

உண்மையைச் சொன்னால், என் குறி வேறு. என் மாமனார் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். கோர்ட்டில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கஞ்சி மடிப்புக் கலையாத வேட்டி, கலையாத முகம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் என்னோடு அவர் பேசியவை மூன்றே மூன்று: "வாங்க", "சாப்பிடுங்க", "பஸ் இருக்கா?" அந்த வாயிலிருந்து "நல்லா இருக்கு மாப்ளை" என்று ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்பதுதான் என் லட்சியம்.

மயில்களைப் பொருத்திய மாரிமுத்து ஆசாரி, "ஆளைக் கொத்தும் போலருக்கே சார்" என்றார். செல்வி வந்து பார்த்தாள். ஓர் இழுப்பறையை இழுத்து மூடினாள். பிறகு, "பால் காய்ச்சு முடியட்டும்" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

பால் காய்ச்சும் நாள் வந்தது. மாமனாருக்குச் சரிகைக்கரை வேட்டி எடுத்துக் கொடுத்திருந்தேன். உடனே கட்டிக்கொண்டு வந்தார். பால் எந்தப் பக்கம் பொங்குகிறது என்று பார்க்கச் சமையலறையில் நெரிசல். அவர் இழுப்பறைகளில் முதுகைச் சாய்த்து நின்றார். பால் பொங்கியது, குலவை போட்டார்கள், கூட்டம் பந்திக்கு நகர்ந்தது. அவர் மட்டும் நகரவில்லை.

"மாப்ளை, செத்த இங்க வாங்க."

ஓடினேன். அவர் கை பின்னால் இருந்த மயிலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"மயிலு எப்படி இருக்கு மாமா?"

"புடிச்சிருக்கு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பன்னிரண்டு வருடத் தவம்!

"ரொம்பப் புடிச்சிருக்கா மாமா?"

"நல்லாப் புடிச்சிருக்கு" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "வேட்டியப் புடிச்சிருக்கு மாப்ளை."

குனிந்து பார்த்தேன். இடுப்புக்குக் கீழே சரிகைக்கரை மயிலின் அலகில் ஏறி, நூல் பிரிந்து, கொண்டையிலும் சுற்றிக்கொண்டிருந்தது. இழுத்தால் கிழியும். அவிழ்க்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்த யோசனை அங்கேயே தள்ளுபடியானது.

கைப்பிடியையே கழற்றிவிட முடிவு செய்தேன். அதன் திருகு இழுப்பறைக்குள் இருந்தது. "ஒரு அடி முன்னால வாங்க மாமா." அவர் நகர, இழுப்பறை சாணகலம் திறந்தது. ஸ்க்ரூ டிரைவரோடு கையை உள்ளே விட்டேன். அந்த நேரம் பார்த்து அவருடைய பழைய கோர்ட்டு நண்பர்கள் நான்கு பேர் வீடு பார்க்க உள்ளே நுழைந்தார்கள்.

மாமனார் கௌரவமாக ஓரடி பின்னால் சாய்ந்தார். இழுப்பறை மூடிக்கொண்டது, என் நான்கு விரல்களோடு.

"என்ன இங்கனயே நின்னுட்டீக?" என்று கேட்டார் ஒருவர்.

"இங்கன காத்து நல்லா வருது."

காற்று வருகிற இடமென்று நண்பர்களும் அங்கேயே நின்றுவிட்டார்கள். ஏதோ பழைய வரப்புத் தகராறு வழக்கைப் பேச ஆரம்பித்தார்கள். நான் கண்ணில் நீர் முட்டச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"மாப்ளை ஏன் உங்கள ஒட்டிக்கிட்டே நிக்காரு?"

"எங்க மாப்ளைக்கு என்னைய விட்டுப் பிரிய மனசு வராது" என்றார் மாமனார், கோர்ட்டில் வாசிக்கும் குரலில்.

வழக்கு மேல்முறையீட்டுக்குப் போகும் நேரத்தில் செல்வி வந்தாள். ஒரே பார்வையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நண்பர்களைப் பந்திக்கு அனுப்பிவிட்டு ஆசாரியைக் கூப்பிட்டாள். அவர் பாயசக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என் விரல்களை மீட்டு, திருகைக் கழற்றினார். மயில் இழுப்பறையை விட்டது. வேட்டியை விடவில்லை.

"ஊசி வச்சுத்தான் எடுக்கணும்" என்றார் ஆசாரி.

"பொறவு எடுத்துக்கிடலாம், பந்தி முடிஞ்சிரும்" என்று மாமனார் நடந்தார். இடுப்பில் மயில் ஆட, நிமிர்ந்த நடையில், கூடத்தின் நடுவே. இலை முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கையை நிறுத்திப் பார்த்தார்கள்.

மாமியார்தான் கேட்டார்: "என்னங்க இது?"

"மாப்ளை செஞ்ச மரியாதை."

சொல்லி முடித்ததும் அவர் தோள் குலுங்கியது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருக்குப் பற்கள் இவ்வளவு வரிசை என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பந்தியே சிரித்தது. வீங்கிய விரல்களை டம்ளர் தண்ணீரில் முக்கிக்கொண்டு நானும் சிரித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே செல்வி மொழுக்கென்ற கைப்பிடிகள் வாங்கி வந்துவிட்டாள். மாமனார் இப்போதெல்லாம் மாதத்தில் பத்து நாள் எங்கள் வீட்டில்தான். நானும் அவரும் பேச ஆரம்பித்தால் செல்வி வந்துதான் நிறுத்த வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாமியார் போன் செய்து, "எப்ப வாரீய?" என்று கேட்கும்போதெல்லாம் அவர் நாற்காலியில் சாய்ந்தபடி ஒரே பதிலைத்தான் சொல்கிறார்:

"நான் வந்துருவேன். மயிலு விட மாட்டேங்கு."